போண்டா கொடுத்து வாங்கிய பதில்கள்

கார்த்திகை 11, வியாழன்

இன்றும் பள்ளிக்கூடங்களுக்கு மழை லீவு. கவிதா போன காரியம் நடக்கவில்லை. லீவு அறிவிப்பு வருவதற்குள் பஸ் ஏறிவிட்டாள். பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் தொப்பலாக நனைந்து திரும்பினாள்.

மருமகள். தஞ்சாவூர்க் காலேஜில் எம்.எட். கடைசி வருஷம். ஆய்வேடு எழுத வேண்டுமாம். அதற்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கொடுத்துப் பதில் வாங்க வேண்டும். தலைப்பு: கணக்குப் பாடத்தைக் கண்டு பிள்ளைகளுக்கு வரும் பயம்.

நம் நெல் மண்டியில் எடை போடும் கலியமூர்த்தி கேட்டுவிட்டு ஒரே சிரிப்பு. "கணக்குன்னா பயமா? நம்மகிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டுப் போனவன் எவனும் பயந்த மாதிரி தெரியலியேக்கா."

சாக்கெல்லாம் ஈர வாடை. தார்ப்பாய் இரண்டு வாங்கணும். எலிப்பொறி.

கார்த்திகை 14, ஞாயிறு

வெறும் மூட்டம், மழை இல்லை. குடமுருட்டியில் தண்ணீர் கரை தொட்டுப் போகிறது. சம்பாப் பயிர் தாங்கும் என்கிறார்கள். பார்ப்போம்.

எம்.எட். வாங்க என்னென்ன வேண்டும் என்று கவிதாவைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். எதையும் விவரம் தெரியாமல் வாங்குவதில்லை நான்.

பி.எட்.டில் பாதிக்கு மேல் மார்க். (இருக்கிறது.)
இரண்டு வருஷம், நாலு செமஸ்டர். மூன்று முடிந்தது போல.
வருகை நூற்றுக்கு எண்பது. காய்ச்சலோடு போனாளே, அது இதற்குத்தானா!
வாத்தியார் ஆகப் படிக்கிறவர்களுக்கே பாடம் நடத்திக் காட்டணும். (முடிந்தது. இவளுக்குக் கைதட்டினார்களாம். என்னிடம் சொல்லவே இல்லை.)
ஆய்வேடு. நிற்கிறது.
கடைசியில் வைவா. ஆய்வேட்டை வைத்துக்கொண்டு வெளியாள் கேள்வி கேட்பார், வாயால் பதில் சொல்லணும்.

நெல்லுக்குக்கூட இத்தனை கேட்பதில்லை. ஈரம், பதர், மணி முற்றாத கருக்காய். அவ்வளவுதான்.

மாசி பிறப்பதற்குள் பிள்ளைகளின் பதில் மேடம் கைக்கு வந்தாக வேண்டும். மேடம் என்றால் இவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டி. வராவிட்டால் இந்த வருஷம் இல்லை.

கார்த்திகை 19, வெள்ளி

மறுபடி மழை, மறுபடி லீவு. தெருப் பிள்ளைகள் குதிக்கின்றன. வாசலில் நின்று அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள் கவிதா. முகம் சரியில்லை.

சிங்கப்பூரிலிருந்து மகன் செந்தில் பேசினான். "அம்மா, அவளப் போட்டு அலைய விடாதீங்க. தை மாசம் நெல்லு வந்து குவியும், கம்ப்யூட்டர்ல பில் போட வேற யாரு இருக்கா? இந்த வருஷம் விட்டுடட்டும்."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் பாப்போம்."

பாப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நெல் வேண்டாம் என்று சொல்ல மனமில்லாதபோது நானும் அதைத்தான் சொல்லுவேன்.

பெண் பார்க்கப் போன அன்று அவள் அம்மாவிடம் நான்தான் சொன்னேன், படிப்பு நிற்காது என்று. யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னது. ரைஸ்மில் வாசலில் சிந்தின நெல்லைக் கூட்டி விற்றவள் இன்று சொந்த மண்டி வைத்திருக்கிறேன் என்றால் சொன்ன சொல்லால்தான். வீட்டுக்கு ஒரு சொல், கடைக்கு ஒரு சொல் என்று வைத்துக்கொள்ள முடியாது.

ஆனால் பில் யார் போடுவது? அதுவும் நியாயம்தான்.

மார்கழி 6, ஞாயிறு

வெயில். வேலை முடிந்தது! என் ஏற்பாடு.

கும்பகோணத்தில் ஒருவர் டியூஷன் வைத்திருக்கிறார். அவர் அண்ணன் நெல் நம்மிடம்தான் வரும். ஒரு போன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் மாடியில் உட்கார வைத்துவிட்டார். கவிதா ஊர் ஊராக அலைந்தாலும் இத்தனை பேர் கிடைத்திருக்க மாட்டார்கள். ஆளுக்கு இரண்டு போண்டா, டீ. செலவு என்னுடையது.

ஏணிப்படியில் வைத்து இவள் முனகினாள். "அத்தே, கவர்மென்ட் ஸ்கூல், பிரைவேட், கிராமம், டவுன்னு கலந்து எடுக்கணும். இவங்க எல்லாம் டியூஷன் பிள்ளைங்க."

"டியூஷன் பிள்ளைக்கு மட்டும் ரெண்டு தலையா? ஏறு மேல."

வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். ஊசி விழுந்தால் கேட்கும். நல்ல ஒழுங்கு. ஒரு பெண் பிள்ளை மட்டும் என் சேலையை இழுத்து, "ஆன்ட்டி, பயமா இருக்குன்னு டிக் அடிச்சா சார் திட்டுவாரா?" என்றது. "உனக்கு என்னடா பயம், இந்தா" என்று இன்னொரு போண்டா கொடுத்தேன். சிரித்துக்கொண்டே எழுதியது.

திரும்பி வரும்போது கடைத்தெருவில் வெற்றிலை, காபித்தூள், பித்தளைக் கரண்டி ஒன்று.

மார்கழி 11, வெள்ளி

பனி. தொண்டை கட்டிவிட்டது.

கவிதா கம்ப்யூட்டர் முன்னாலேயே இருக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டேன். "அத்தே, இதுல ஒருத்தருக்கும் பயம் இல்ல."

"நல்லதுதானே?"

"ஒரு தாள் மாதிரியேதான் எல்லாத் தாளும். சார் முன்னாடி நிக்கிறாரு, கையில போண்டா. எந்தப் பிள்ளை பயம்னு எழுதும்? மேடத்துகிட்ட உள்ளத சொல்லிடப் போறேன்."

"சொல்லாதே. தாள் எண்ணிக்கை சரியா இருக்கா? இருக்கு. கட்டிக் குடு."

தட்டில் சோறு அப்படியே. ரசம் ஆறிப்போயிற்று.

மார்கழி 22, செவ்வாய்

தஞ்சாவூர். சொல்லிவிட்டாள், மேடத்திடம் எல்லாவற்றையும்! மேடம் மறுபடி எடுத்து வரச் சொல்லிவிட்டார். இவள் தடுத்தும் கேட்காமல், நானே பேசிப் பார்க்கிறேன் என்று கூடப் போனேன். சீரகச் சம்பா ஒரு பை எடுத்துப் போனேன்.

மேடத்துக்குச் சொந்த ஊர் அதிராம்பட்டினம். சின்ன வயதுதான். மெதுவான குரல். "உக்காருங்கம்மா" என்று நாற்காலி இழுத்துப் போட்டார். பையை மட்டும் என் காலடிக்கே நகர்த்திவிட்டார்.

"மழை லீவு நம்ம கையிலயா இருக்கு மேடம்? பிள்ளை அலைஞ்சு அலைஞ்சு இளைச்சுப் போச்சு. இருக்கிற தாள வச்சே பாத்து ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

"நீங்கதாங்கம்மா கேக்குறீங்க. கவிதா கேக்கலையே."

திரும்பிப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் தலையாட்டவில்லை. எனக்காக ஒரு வார்த்தை கூடச் சேர்த்துப் பேசவில்லை.

பஸ்ஸில் ஒரே சீட். பாபநாசம் வரை அவள் முகம் ஜன்னல் பக்கம், என் முகம் கண்டக்டர் பக்கம். கோபம் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். இறங்கும்போது அரிசிப் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் போய்விட்டாள். அவளுக்கும்தான் கோபம்.

தை 6, செவ்வாய்

பொங்கல் முடிந்த கையோடு அறுவடை மெஷின் எல்லா வயலிலும் இறங்கிவிட்டது. காலையிலிருந்து டிராக்டர் வரிசை. கவிதா பில் போடுகிறாள். ஒரு தப்பு இல்லை. கேட்டால் பதில், கேட்காவிட்டால் மௌனம். படிப்புப் பேச்சே இல்லை. செந்தில் சொன்னபடி ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் ஒரு ஆள், பெயர் எதற்கு, நெல் கொண்டுவந்தான். மூட்டை வாயைப் பிரித்தான். தங்கம். காய்ந்த மணி, ஒரு பதர் இல்லை. எனக்குச் சந்தேகம். குத்தூசியை அடிப்பக்கம் குத்தி இழுத்தேன். கையில் வந்த நெல் பிசுபிசு என்று ஈரம், பாதி கருக்காய்.

"மேல பாருங்கக்கா, முத்து மாதிரி இருக்கு!"

"மேல நீ வச்சத நீயே பாத்துக்க. பொறுக்கி எடுத்து வாயில வச்சுட்டு சாம்பிள்ங்கிறியே, நான் என்ன நேத்து வியாபாரத்துக்கு வந்தவளா?"

அந்தப் பக்கம் ஒரு சத்தம். பில் மேசையில் கவிதா. உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்திருக்கிறாள். தோள் குலுங்குகிறது. எத்தனை நாளைக்கப்புறம் சிரிக்கிறாள்.

"என்னடி சிரிப்பு?"

"ஒண்ணுமில்லத்தே."

"சொல்லு."

"போண்டா ஞாபகம் வந்துச்சு."

"எந்தப் போண்டா? எனக்கு வரலியே" என்றார் கலியமூர்த்தி.

மூட்டைகளைத் திருப்பி ஏற்றச் சொன்னேன். அந்த ஆள் திட்டிக்கொண்டே போனான். அவனை மட்டும் துரத்தி என்ன பயன்? கும்பகோணத்து மாடியில் நான் கட்டிக் கொடுத்ததும் அதே மூட்டைதான். அடியில் குத்திப் பார்த்தவள் இவள்.

சாயங்காலம் டீயை நானே போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை தூக்கலாகிவிட்டது. குடித்தாள்.

தை 7, புதன்

விடியலில் பனிமூட்டம், எதிரே ஆள் தெரியவில்லை. மாசி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது.

டிராக்டர் வருவதற்கு முன் கவிதாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். எந்தெந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டேன். சட்டென்று நாலு பெயர் சொன்னாள். ஹெட்மாஸ்டர்களிடம் அனுமதிகூட வாங்கி வைத்திருக்கிறாள்! நம்பிக்கையை விடவில்லை போல. என்னிடம் கேட்கத்தான் வாய் வரவில்லை.

"வாரத்துல மூணு நாள் போய்ட்டு வா" என்றேன்.

"அஞ்சு, அத்தே."

"நாலு. அறுவடை நேரம்."

"ஸ்கூலே அஞ்சு நாள்தான் நடக்குது. அதுலயும் எந்த நாள் பிள்ளைங்களத் தருவாங்கன்னு தெரியாது. அஞ்சு."

குரல் ஏறவில்லை, கண் தாழவில்லை. நல்ல வியாபாரி.

"பில்?"

"கலியமூர்த்தி அண்ணனுக்கு நான் சொல்லித் தரேன்."

"அய்யய்யோ, எனக்குக் கம்ப்யூட்டர்னா பயம்மா" என்றார் அவர்.

"உங்களுக்கும் ஒரு கேள்வித்தாள் தரட்டாண்ணே?" என்றாள்.

செந்திலுக்கு நானே போன் போட்டேன். "என்னம்மா இது, சீசன்ல போயி…" என்று ஆரம்பித்தான். "பொண்ணு பாக்கப் போனப்ப நீயும்தான் பக்கத்துல உக்காந்திருந்தே. நான் சொன்னது உன் காதுலயும் விழுந்துச்சு" என்றேன். "அவகிட்ட குடுங்க" என்றான். கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். என்ன பேசினார்களோ. திரும்பி வந்தபோது போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பையில் கேள்வித்தாள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பேசி முடித்தது: திங்கள் முதல் வெள்ளி வரை கவிதா மண்டிப் பக்கம் வர வேண்டாம். சனி, ஞாயிறு பில் அவளுடையது. மற்ற நாள் நானும் கலியமூர்த்தியும், தப்பு வந்தால் திட்டக் கூடாது. ஸ்கூட்டி அவளுக்கு, பெட்ரோல் என் கணக்கு. எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் நான் போன் போடக் கூடாது. பிள்ளைகளுக்குப் போண்டா கிடையாது. வைவா அன்று நான் கூட வரலாம். வெளியே பெஞ்சில் உட்காரணும், அரிசிப் பை இல்லாமல், வாயைத் திறக்காமல். கடைசி இரண்டைக் குறைக்கச் சொல்லிப் பார்த்தேன். குறைக்கவில்லை. சம்மதித்தேன்.