பதினெட்டுப் புள்ளி நான்கு

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் நலம். நீயும் நலமென்று தினமும் போனில் சொல்கிறாய், குரலை நான் அவ்வளவாக நம்புவதில்லை, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், நீயும் அப்படியே பதில் எழுது. அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, ஆனாலும் செய்தியைப் படிக்காமலே எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் படம் அனுப்புகிறார். சித்தப்பா வீட்டுக் கூரை ஒழுகி மெத்தை நனைந்த சேதிக்கும் அதே கட்டைவிரல்தான். சித்தி ஒரு வாரமாகப் பேசவில்லை.

இந்த முறை கல்லூரிச் சேதிதான் நீளம். போன வாரம் இரண்டாம் ஆண்டுக்கு ஆய்வகத் தேர்வு வைத்தேன். காரத்தில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும்போது எத்தனை மில்லி செலவானது என்று குறிக்க வேண்டும், உனக்குத் தெரியாததா. முப்பத்திரண்டு பேரில் முப்பத்தொரு பேர் 18.4 என்று எழுதியிருந்தார்கள். பின்வரிசையில் வாய் திறக்காத ஒருத்தி மட்டும் 21.3. நம் வீட்டு மேசை இழுப்பறையில் நான் வைத்திருக்கும் பழைய விடைக் குறிப்பிலும் 18.4 தான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்ணெதிரே இருப்பதைவிடக் கைப்பேசியில் இருப்பதைத்தான் நம்புவார்கள் என்பது என் நெடுநாள் சந்தேகம், அவளும் எங்கிருந்தோ தப்பாகச் சுட்டுவிட்டாள் என்று முடிவுகட்டினேன். எழுப்பி நிறுத்திக் கேட்டதற்கு, வந்ததத்தான் எழுதினேன் மேடம் என்றாள். வந்ததா, வரவழைச்சதா என்றேன். வகுப்பே சிரித்தது. பூஜ்ஜியம் போட்டேன், அதோடு அவள் இறுதித் தேர்வு எழுத முடியாது.

சாயங்காலம் குடுவைகளைக் கழுவ வந்த ஆய்வக உதவியாளர், இங்கே படிக்கும்போது நீங்களெல்லாம் சொட்டு மாமா என்பீர்களே, அவர், இந்தத் தடவ ஆசிட்டு கொஞ்சம் தண்ணியா போச்சுன்னு அன்னைக்கே சொன்னேனே மேடம், நீங்க காதுலயே வாங்கல என்றார். நானே மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்று முறையும் 21.3.

மறுநாள் வகுப்பில், வரவே முடியாத எண் முப்பத்தொரு பேருக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். ஒருவரும் நெளியவில்லை. வகுப்பின் வாயாடி, வழி கேட்டவருக்குக் காட்டுவதுபோல் கைப்பேசியை நீட்டினாள். சீனியருங்க குடுத்தது மேடம், அஞ்சு வருஷமா இதான் ஓடுது, உங்க விடையும் இதானே என்றாள். கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன்.

அது ஒரு ரெக்கார்டு நோட்டுப் பக்கத்தின் படம். இடுப்பில் பட்டை கட்டிய ஏழு, காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் நான்கு. அப்படி எழுதுகிற ஆளை நான் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன். கண்ணை நம்பாமல் மேலே இருந்த தேதியை என் பழைய விடுப்புக் கணக்கோடு ஒத்துப் பார்த்தேன். அன்று உனக்குக் காய்ச்சல். நான் விடுப்பு எடுத்து உன் பக்கத்தில்தான் இருந்தேன். நீ ஆய்வகத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மகளென்று யாரும் பேசிவிடக் கூடாதே என்று உன் வகுப்பை வேறொருவரிடம் விட்டவள் நான், இழுப்பறையை மட்டும் பூட்டாமல் விட்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை துறைக் கூட்டம். அந்தப் பெண்ணுக்கு முழு மதிப்பெண், மற்றவர்களுக்கு மறுதேர்வு. அவர்கள் சிரித்த அதே வகுப்பில் அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். அந்தப் பக்கம் யாருடையது, எண் எந்த இழுப்பறையிலிருந்து போனது என்பதையும் கூட்டத்தில் சொல்வேன். அப்பா, பழசைக் கிளறாதே என்கிறார். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் சொல்லி முடித்திருப்பேன், ஆகவே உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. 18.4 பற்றியும் கேட்கவில்லை, அது எனக்குத் தெரிந்துவிட்டது. இன்று நீ மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் எழுதும் எண்ணை நம்பி யாரோ மாத்திரை விழுங்குகிறார்கள். அந்த எண்கள் வந்தவையா, வரவழைத்தவையா? அதை மட்டும் எழுது.

நல்ல உடம்போடும் நல்ல பேரோடும் இரு. குளிருக்குக் காதை மூடிக்கொள். காய்ச்சல் வந்தால் விடுப்புச் சொல்லிவிட்டுப் படு, அன்றைய பக்கம் காலியாகவே இருக்கட்டும்.

உன் அம்மா