மீனோடு வந்த மோட்டார்

அன்புள்ள அப்பாவுக்கு, கலாதேவியின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? பாகான் டத்தோவில் நல்ல மழையாமே, தென்னந்தோப்புப் பக்கம் போகாதீர்கள். ஈப்போவில் நான் சுகம், கிளினிக் வேலையும் பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கூத்து. நீங்கள் கொடுத்த நீல மோட்டார் சைக்கிளில் பசாருக்குப் போய்க் கீரை வாங்கினேன். சாவியைப் போட்டேன், கிளம்பியது, வந்துவிட்டேன். அறை வாசலில் இறங்கிப் பார்த்தால் கூடையில் மீன்! அதே நீலம்தான், ஆனால் மோட்டார் நம்முடையதே இல்லை. பழைய கப்சாய் மோட்டார் சாவி எந்தக் கப்சாய்க்கும் சேரும் என்பீர்களே, அதேதான்.

நம் மோட்டார் போயே போய்விட்டது என்று பதறிப் பசாருக்கே திரும்பிப் போனால், அதன்மேல் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். "என் மீனு பத்திரமா இருக்கா லா?" என்று ஒரே சிரிப்பு. பவானி என்று பெயர். விடாமல் வீட்டுக்குக் கூட்டிப்போய் அந்த மீனையே குழம்பு வைத்துப் போட்டார். இங்கு வந்ததிலிருந்து பேசிக்கொண்டே சாப்பிட்டது அன்றுதான்.

அடையாளத்துக்கு ஹேண்டலில் கட்ட அப்பா தோளில் போடும் சிவப்புத் துண்டைக் கேட்கப்போகிறேன் என்றேன். "அதெல்லாம் கட்டாத லா, அடுத்த ஞாயிறும் மாத்தி எடுத்துட்டுப் போ" என்கிறார் அக்கா.

இருந்தாலும் துண்டை அனுப்புங்கள் அப்பா. துவைக்க வேண்டாம். கிளினிக் திறக்க நேரமாகிவிட்டது.

கலா