கதவுக்குப் பின்னால் இருக்கும் சுவிட்ச்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். கடல் தாண்டி நாம் வாங்கிப்போட்ட விடுமுறை வீடு, நீங்கள் சொன்னதுபோல ஒரு வருடமாகப் பூட்டிக் கிடந்த மாதிரித் தெரியவில்லை. குழாயில் துருத்தண்ணீர்கூட வரவில்லை.

"நான்தாம்மா வாரா வாரம் திறந்து விடுறேன்" என்றார் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. நம்பினேன்.

பாப்பாவைக் குளிப்பாட்ட, நீங்கள் விமான நிலையத்தில் சொல்லி அனுப்பியபடியே குளியலறைக் கதவுக்குப் பின்னால் இருந்த ஹீட்டர் சுவிட்சைப் போட்டேன்.

"அட, தேடாமலே போட்டுட்டீங்களே! போன மாசம் புது ஹீட்டர் வச்சப்பதானே அதை அங்க மாத்துனாங்க" என்று சிரித்தவர், சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

போன மாதம் நீங்கள் அலுவலகப் பயிற்சிக்குப் போயிருந்தீர்கள்.

வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டேன். சாவி இரண்டும் என்னிடம்தான். இனி இங்கே வருவதென்றால் எனக்குத் தெரியாமல் வர முடியாது.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா