எனக்குத் தந்த கீழ்க்குரல்

1962 டிசம்பர் 4
பரீட்சைத் தாள் திருத்தி முடிந்தது. கை வலி.

மாலையில் மாதா கோயிலில் பாடல் பயிற்சி. இந்த நத்தாருக்கு, யேசு பிறந்த நாள் பூசையில், இரண்டு குரலில் பாட வேண்டும் என்கிறார் பாட்டுப் பழக்கும் அருளப்பு மாஸ்டர். மெட்டு என் கூட்டாளி றோஸ்மேரிக்கு. எனக்குக் கீழ்க்குரல். இத்தனை வருடமாக மெட்டைப் பாடியவள் நான். வீட்டில் அந்தக் கீழ்க்குரலைப் பாடிப் பார்த்தேன் – தலையும் இல்லை, வாலும் இல்லை.

டிசம்பர் 9
முறையாகச் சங்கீதம் படித்தவள் நான். ஒருத்தி ஒரு சுரத்தில் நிற்க மற்றவள் வேறொன்றில் நின்றால் அதற்குப் பெயர் அபசுரம். மாஸ்டரிடம் சொன்னேன்.

"அபசுரமில்ல புள்ள, வெள்ளைக்காரன்ட சங்கீதத்தில இதுக்குப் பேர் கோர்ட். வெவ்வேற சுரம் ஒண்டாச் சேந்து ஒலிக்கிறது."

பெயர் வைத்தால் பிழை சரியாகிவிடுமா?

டிசம்பர் 15
றோஸ்மேரி வீட்டார் ஜனவரியில் அவுஸ்திரேலியாவுக்குப் போகிறார்களாம். வெள்ளைக்கார வழி வந்த பறங்கிக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் போகத்தான் செய்கின்றன. இவள் போகமாட்டாள் என்றே இருந்துவிட்டேன். இரண்டு குரல் யோசனையும் இவளுடையதுதானாம்.

"கடைசியா ஒருக்கா சேந்து பாடுவம் கா. நீ கீழ நிண்டாத்தான் என்ட குரல் நிக்கும்" என்றாள்.

போகிறவளுக்கு மெட்டு, இருக்கிறவளுக்கு மிச்சமா? வயிறு எரிகிறது. அவள் போகிறாள் என்பதற்கா, மெட்டுக்கா – தெரியவில்லை.

டிசம்பர் 25
காலைப் பூசையில் பாடினேன். மெட்டைத்தான். றோஸ்மேரியை விடச் சத்தமாக. முதல் வரியில் என்னைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை. கடைசிச் சரணத்தில் அவள் குரலே கேட்கவில்லை. பூசை முடிய எல்லாரும் என்னைத்தான் புகழ்ந்தார்கள். கேக்கைத் தொடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

1963 ஜனவரி 7
றோஸ்மேரியை வழியனுப்ப ஸ்டேசனுக்குப் போனேன், மன்னிப்புக் கேட்கத்தான். "நல்லாப் பாடின நீ" என்றாள். கோபமே இல்லை. கோபித்திருந்தால் வாய் திறந்திருப்பேன். ரயில் போய்விட்டது.

ஜனவரி 11
பள்ளிக்கூடம் விட்டபின் ஆர்மோனியத்தில் உட்கார்ந்தேன். நான் செய்தது சரி என்று எனக்கே காட்டத்தான். றோஸ்மேரியின் சுரம் – ப. எனக்குத் தந்தது – க. இரண்டு கட்டையையும் சேர்த்து அமுக்கினேன். சண்டை பிடிக்கவில்லை. கீழே ஒரு ச சேர்த்தேன். மூன்றும் தனித்தனியாகவும் கேட்டன, ஒன்றாகவும் கேட்டன. அறையே நிறைந்தது. ச, க இரண்டையும் விட்டேன் – ப மட்டும் மெலிந்துபோய் நின்றது.

ஐயோ, அது மிச்சமில்லையடி. அவளைத் தாங்கிப் பிடிக்கத்தான் என்னிடம் தந்தார்கள். தாங்கினேனா? எருமை மாதிரி மேலே ஏறி மிதித்தேன்.

ஜனவரி 12
பள்ளிக்கூடம் இல்லை. மழை.

மார்ச் 8
சமைத்தபடி கீழ்க்குரலைப் பாடிக்கொண்டிருந்தேன். இப்போது முழுவதும் மனப்பாடம். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டு, "அது என்ன பாட்டு? பிடிபடயில்லயே" என்றார்.

"நத்தார்ப் பாட்டு."

"இதா?"

"இது கீழ்க்குரல். மேல பாடுறவள் அவுஸ்திரேலியாவில."