ஒட்டிக்கொண்ட பக்கம்

அன்புக் குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் உதைக்கிற அந்தப் போக்கிரியும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், என் முழங்காலைப் பற்றி மட்டும் கேட்காதே. போனில் சொல்லலாம்தான், ஆனால் போன முறை மாதிரியே நீ குரலை உயர்த்துவாய், நான் அழுவேன், அப்பா போனைப் பிடுங்கி வைத்துவிடுவார், விஷயம் அப்படியே நிற்கும். மாப்பிள்ளையின் சிநேகிதர் வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறாராம், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். முழுதும் படி, பாதியில் கோபித்துக்கொண்டு மடித்து வைக்காதே.

பிரசவத்துக்கு நீ இங்கேதான் வர வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன் இல்லையா, இந்த மாதம் தாண்டினால் உன்னை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் பயம் இன்னும் அதிகம். அங்கே ஆஸ்பத்திரி எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நீ சொன்னதை நான் நம்பவில்லை, அம்மாவைத் தேற்றுவதற்காகப் பூசி மெழுகுகிறாய் என்றே நினைத்தேன். ஆதாரத்தோடு உன் வாயை அடைக்க வேண்டும் என்று, போன வாரம் தையல் கடையில் கரண்ட் போனதும் மெஷினை மூடிவிட்டு நூலகத்துக்கு நடந்தேன். அங்கே அரசாங்கம் வருஷா வருஷம் போடுகிற உலக நாடுகள் கையேடு ஒன்று இருக்கிறது, தலையணை கனம், வீட்டுக்குத் தர மாட்டார்கள். எந்த நாட்டில் எத்தனை ஆறு, எத்தனை வீட்டில் மின்சாரம், எத்தனை பேருக்கு ஒரு டாக்டர், பிள்ளை பெறும்போது எத்தனை தாய்மார் இறந்துபோகிறார்கள், எல்லாம் பொடி எழுத்தில் இருக்கிறது. நீ இருக்கும் நாட்டைக் கண்டுபிடித்து மலையும் குளிரும் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன் கண்ணு. டாக்டர்கள் போதாது, குடிதண்ணீரை நம்ப முடியாது, மின்சாரம் நினைத்தால் வரும் நினைத்தால் போகும். தாய்மார் கணக்கைப் பார்த்தபோது அடுத்த வரிக்குக் கண் நகரவில்லை. அவ்வளவையும் சட்டைக்கு அளவு வெட்டுகிற பழுப்புத் தாளில் எழுதிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் படித்துக் காட்டினேன். இப்படிப்பட்ட எடத்துலயா நம்ம பொண்ணு இருக்கா என்று சொல்லிவிட்டு அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். உன் பெரியப்பாவும் அப்போது வந்திருந்தார். பிரசவத்தில் என் அக்காவைப் பறிகொடுத்த மனுஷர், அந்த வரி வந்ததும் தாளை என் கையிலிருந்து வாங்கி வெகுநேரம் பார்த்தார், அப்புறம் டிக்கெட்ட நான் போடுறேன், ஒடனே வரச் சொல்லு என்றார். யாருக்கும் ஒரு டீ வாங்கித் தராத ஆள் அவர், உனக்கே தெரியும். அதற்கப்புறம் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. நீ அங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கிறாயே என்று, இங்கே எங்கள் தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டே புலம்பினேன்.

நீ நம்ப வேண்டுமே என்று அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைக்க மறுபடி போனேன். நூலகக்கார அம்மா புத்தகத்தைத் தடவிப் பார்த்து, இங்க ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டிருக்கே, யாரோ கிழிசலுக்குப் பசை தடவியிருக்காங்க என்று சொல்லி ஸ்கேலை உள்ளே விட்டு மெதுவாகப் பிரித்தார். உள்ளே இடது பக்கம் முழுக்க உன் நாட்டின் மிச்சம். வலது பக்கத்தில் கொட்டை எழுத்தில் அடுத்த நாட்டின் பெயர், அது நம்முடையது. நான் எழுதிக்கொண்டு வந்து வீட்டையே கலங்கடித்தது அத்தனையும் நம்ம ஊர்க் கணக்கு. சிரிப்பு வந்துவிட்டது எனக்கு, அந்த அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இரண்டு பக்கத்தையும் விரல் வைத்துப் பார்த்தேன். தாய்மார் கணக்கு உன் பக்கத்தில் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். நம் பக்கத்தைத்தான் முன்பே படித்திருந்தேனே. என் அக்கா இறந்த வருஷத்துப் புத்தகத்தில் அவளும் இந்த வரியில் எங்கேயோ இருந்திருப்பாள். அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

பெரியப்பாவிடம் சொல்லப் பயமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். அப்ப டிக்கெட்ட திருப்பிப் போடுவோம், நீ கெளம்பு என்றார். அதனால் குட்டிம்மா, நீ வராதே. வா வா என்று இத்தனை நாள் கத்திய வாயால் சொல்கிறேன், வராதே. நான் வருகிறேன். பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்தாயிற்று, சீக்கிரம் வர வேண்டுமே என்று தினமும் வாசலைப் பார்க்கிறேன். அப்பா தானே சமைத்துக்கொள்வாராம், அது இன்னொரு கவலை. அதுவரை உயரத்தில் இருக்கும் எதையும் எட்டி எடுக்காதே, படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு, பக்கத்து வீட்டில் கதவைத் தட்டினால் வருகிற மாதிரி யாராவது இருக்கிறார்களா என்று பார்த்து வை. தண்ணீர் நல்ல தண்ணீர் என்றுதான் புத்தகம் சொல்கிறது, இருந்தாலும் காய்ச்சியே குடி.

நீயும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் பிழைத்து எழுந்து நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காமல் கேட்டுச் சொல். பிரசவ அறைக்குள் அம்மாவை விடுவார்களா என்று அந்தப் புத்தகத்தில் எங்கேயும் போடவில்லை.

உன் பக்கத்தில் நிற்கக் காத்திருக்கும்,
அம்மா