விமானம் கிளம்பும் முன்னே

என் குண்டுப் பயலே,

ஒல்லிக்குச்சியான உன்னை இப்படிக் கூப்பிட்டால் நீ சிரிப்பாய். நீயாகவே உயிரை விட்டு நாற்பது நாளாகிறது. ஓட்டலில் விரிப்பு மடிக்கும் வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

சாப்பாட்டு வேளையில் உன் போனில், நீ காசு கட்டி ஆடிய அந்த விமான விளையாட்டைப் பார்க்கிறேன். நான் காசு கட்டுவதில்லை, சும்மா பார்ப்பதுதான். ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று எண் ஏற ஏற விமானமும் ஏறுகிறது. திடீரென்று மறைந்துவிடும். அதற்குள் பட்டனை அமுக்கினால் கட்டிய காசு அத்தனை மடங்கு. பிந்தினால் மொத்தமும் போச்சு.

ஒருநாள் குளிக்கப் போகும்போது, "ம்மா, அஞ்சு வந்ததும் அமுக்கு" என்று போனைக் கொடுத்தாயே. பயத்தில் ஒன்றரையிலேயே அமுக்கிவிட்டேன். "உன்னை நம்பினேன் பாரு! கொஞ்சம் பொறுத்தாத்தான் என்னவாம்?" என்று தலையில் அடித்துக்கொண்டாய். அதிலிருந்து உன் விஷயத்தில் எதற்கும் நான் அவசரப்பட்டதில்லை.

கடைசி நாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாய். முகம் சரியில்லை. நீயே சொல்வாய் என்று பொறுத்தேன். நீ போய்விட்டாய்.

நேற்று உன் கூட்டாளி வந்தான். "அந்த விமானம் எங்க மறையணும்னு கிளம்புறதுக்கு முன்னாடியே மெஷின் முடிவு பண்ணிடும்மா. நாம பார்த்துக்கிட்டிருக்கறது சும்மா" என்றான்.

வாசலில் நின்றபோதே நீயும் முடிவு செய்துவிட்டாயா? இல்லை, "என்னடா?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உள்ளே வந்திருப்பாயா?

உன் அம்மா