அம்மாளாக மறுத்தவளுக்கு

நேற்றுக் காலில் ஆணி ஏறியதால் ஊசி போட்டுக்கொள்ளப் போனேன். தாதி பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுப் புயத்தில் தேய்த்ததும், பக்கத்து வாங்கில் நீ உட்கார்ந்திருப்பதாக நினைத்துத் திரும்பினேன். யாரோ ஒரு கிழவர் இருமிக்கொண்டிருந்தார்.

பெருந்தொற்றுக் காலத்தில் நாம் அப்படித்தானே அருகருகே இருந்தோம். தடுப்பூசி போட்டால்தான் பாசிக்குடா ஹோட்டலில் நம்மை மறுபடி வேலைக்கு எடுப்பார்கள் என்று பள்ளிக்கூட மண்டபத்தில் வரிசையில் நின்றோம். எனக்குக் கை வீங்கியதோடு சரி. உனக்கு அன்று பின்னேரம் வலது கால் நடுங்கத் தொடங்கியது. கிழமை முடிவதற்குள் ஆள் பிடிக்காமல் உன்னால் நடக்க முடியவில்லை. மட்டக்களப்பில் ஸ்கேன் எடுத்தார்கள், எல்லாம் சுத்தம். அந்த நரம்பு டொக்டர் நல்ல மனிதர். நரம்பில் பழுதில்லை, மருந்தில் விஷமும் இல்லை, ஊசி போட்டதைத் தொடர்ந்து மூளை காலை நடத்தும் விதம் குழம்பிவிட்டது, ஆனால் நடுக்கம் உண்மை, பயிற்சியால் மீளலாம் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். உன் புருஷனுக்கு, 'பழுதில்லை' என்ற அந்த ஒரு சொல் மட்டும் போதுமாயிருந்தது. பக்கத்து வளவிலிருந்த அவருடைய அக்கா, உன் மதினி, அதை நடிப்பு என்று மொழிபெயர்த்து ஊருக்குள் விட்டாள்.

பயிற்சிக்காக என் கையைப் பிடித்து முற்றத்தில் பின்பக்கமாக நடப்பாய். பின்னுக்கு நடக்கும்போது கால் நடுங்காது. அந்த நோயின் குணமே அதுதானாம். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவர்களுக்கு வெறும் வாயில் அவல் விழுந்தது.

வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு வந்தது. உடுக்குச் சத்தத்தில் உன் கால் உதறியது, பிறகு உடம்பெல்லாம். உரு வந்துவிட்டது என்று அதே மதினி வேப்பிலையை உன் கையில் திணித்தாள், காலில் விழுந்தாள், மகன் கட்டாருக்குப் போவானா என்று வாக்குக் கேட்டாள். ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் ஊர் உன்னைத் தலையில் வைத்து ஆடியிருக்கும். நீ வேப்பிலையை அவளிடமே திருப்பிக் கொடுத்தாய்.

"இது அம்மாள் இல்ல மதினி. இது என்ர வருத்தம்."

அன்று தொட்டு நடிப்புக்காரி என்ற பட்டத்தோடு அம்மாளைப் பழித்தவள் என்ற பட்டமும் சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் வருத்தம் என்று ஒரு நோய் இருக்கலாம் என்பது நம் ஊருக்குத் தோன்றவே இல்லை. நான் ஆத்திரப்பட்டால் நீ சிரிப்பாய். "ஆர் நம்பாட்டியும் போகட்டும் புள்ள. கால் நம்பினாப் போதும்."

கால் நம்பத் தொடங்கியிருந்தது. ஆள் துணையில்லாமல் கடைவரை போய் வந்தாய். அப்போதுதான் ஒரு காலையில் நெஞ்சு நோகிறது என்று சொல்லியிருக்கிறாய். திரும்ப நடிக்கத் தொடங்கிவிட்டாள் என்று உன் புருஷன் வட்டைக்கு வயல் பார்க்கப் போய்விட்டார். மதினி மீன் கழுவிக்கொண்டிருந்தாளாம், நீ கூப்பிட்டது கேட்டும் எழும்பவில்லையாம். நான் வேலையால் வந்தபோது உன் முற்றத்தில் வருகிற சனம் உட்காரக் கதிரை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாரடைப்பு. செத்தவீட்டில் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதவள் மதினிதான். அவளை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

போன கிழமை பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் என் மகள் வயிறு நோகிறது என்றாள். அன்று அவளுக்குக் கணிதப் பரீட்சை. முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கியது. ஆனாலும் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பொய்யென்றால் ஒரு பரீட்சைதானே போகும்.